முதலாம் ஓலையில் நான் எழும்பியது பற்றி

கொழும்புத்துறை,
புதன்கிழமை.

மதிப்புக்குரிய பொன்மலர் அம்மாவுக்கு,

தேவமாதாவின் துணையால் நான் நலம். இளவாலையில் நீங்களும், அமெரிக்காவில் உங்கள் மகன் லெனாட்டும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். உங்கள் சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் சுகம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கக் கன்னியாஸ்திரிமார் என்னைப் பழக்கவில்லை.

சென்ற ஞாயிறு பூசையில் உங்கள் மகனுக்கும் என் தங்கையின் மகள் ஜெயனிக்கும் முதலாம் கலியாண ஓலை வாசிக்கப்பட்டது. தாயில்லாத பிள்ளை, நான் வளர்த்தவள். பாதர் "கலாநிதி லெனாட்" என்று வாசித்ததும் எனக்குத் திடுக்கென்றது. முதல்நாள்தான் லெனாட் தம்பி வீடியோவில், டிசர்ட்டேஷன் ஒப்படைத்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னவர். டிசர்ட்டேஷன் எழுதுவது முதுமாணிக்கு, எம்.ஏ.க்கு; தீசிஸ் எழுதுவது கலாநிதிக்கு, பிஎச்.டி.க்கு. என் கணவர் டிசர்ட்டேஷன் எழுதி முதுமாணி எடுத்தவர். கண்மூடும்வரை ஒருவரையும் தன்னைக் கலாநிதி என்று கூப்பிட விடவில்லை. ஆகவே, இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று பாதர் சொல்லி வாய்மூடமுன் நான் எழும்பிவிட்டேன்.

பட்டத்தைத் திருத்தத்தான் எழும்பினேன், கலியாணத்தை நிப்பாட்ட அல்ல. பாதர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, "பெரியம்மா, தடையோ, திருத்தமோ?" எண்டு கேட்டார். திருத்தம் எண்டு சொல்லி விளங்கப்படுத்த வெளிக்கிட்டன், ஆனா ஓலையிலை ஒரு ஆள் எழும்பினதை எங்கடை சனம் இப்பதான் முதல்முதல் கண்டது, விளக்கம் கேக்க ஆர் நிண்டவை, பூசை முடிய வாசலிலையே தம்பிக்கு அங்கை ஒரு மனிசி இருக்கெண்டாச்சு, மத்தியானம் மீன் கொண்டுவந்த எமில்ராஜ் பிள்ளையளும் இருக்காமே எண்டு என்னட்டையே துக்கம் விசாரிச்சான்.

பின்னேரம் ஜெயனி போனைக் கொண்டுவந்து காட்டினாள். அமெரிக்காவிலை எல்லாம் மாறியாம்: தீசிஸ் முதுமாணிக்கு, டிசர்ட்டேஷன் கலாநிதிக்கு. அவள் கத்தேல்லை. "பெரியம்மா, நீங்கள் படிச்சது பிழையில்லை. எழும்பினதுதான் பிழை" எண்டு சொல்லிப்போட்டு, உடுப்பை எடுத்துக்கொண்டு இங்கை பக்கத்திலை திருநெல்வேலிக்குச் சிநேகிதி வீட்டை போயிட்டாள். நான் போன் எடுத்தால் எடுக்கிறாளில்லை. மேசையிலை இப்ப ஒரு கோப்பைதான் வைக்கிறன்.

இரண்டாம் ஓலையை வாசிக்க வேண்டாமெண்டு நீங்கள் பாதருக்குச் சொல்லியிருக்கிறியளாம். அம்மா, தண்டனை எனக்குத்தான் வரவேணும், அந்தப் பிள்ளைக்கில்லை. ஓலையை வாசிக்க விடுங்கோ. நான் அண்டைக்கு வேறை கோயிலுக்குப் போறன். தம்பி கலாநிதிதான். கேக்கிற எல்லாரிட்டையும் என்ரை வாயாலையே சொல்லுறன்.

உங்கள் வீட்டில் சமாதானம் தங்குவதாக. தம்பிக்கு என் ஆசீர்வாதம்; அதை ஏற்றுக்கொள்வது அவர் விருப்பம்.

மனம் வருந்தும்,
பிலோமினா அருளப்பு

பி.கு.: ஆறுதலாய் யோசித்துப் பார்த்ததில், பிழை தம்பியிலும் இல்லை, என்னிலும் இல்லை, அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். ஆகவே அதன் தலைவருக்கு நேற்றே பதிவுத்தபாலில் விளக்கமாக எழுதி, அவர்கள் டிசர்ட்டேஷன் என்ற சொல்லைத் திருத்தும்வரை தம்பியின் பட்டத்தை நிறுத்திவைக்கும்படி தயவாகக் கேட்டிருக்கிறேன். நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம்.