இடது காலில் கோட்சி

கால் உள்ளே போய்விட்டது. வெளியே வரமாட்டேன் என்றது. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, ஆர்கிரிஸ் தன் கல்யாண ஷூவை இழுத்துக்கொண்டிருந்தார். கறுப்பு ஷூ. பளபளப்பு. அந்த முனையால் ஆலிவ் காயைக் குத்தி எடுக்கலாம், அவ்வளவு கூர்மை. ஆலிவ் எண்ணெய் அரை பாட்டில் ஊற்றியாயிற்று. ஷூ அசையவில்லை. சாலட் வாசனைதான் வந்தது.

"ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?" வெளியே மனைவி ஃப்ரோசோ.

"குளிக்கிறேன்."

"தண்ணிச் சத்தமே இல்லையே?"

"மெதுவாக் குளிக்கிறேன்."

"எண்ணெய் பாட்டில் எங்க?"

"முடி கொட்டுதுன்னு தலைக்குத் தேய்ச்சேன்."

"கொட்டுறதுக்கு இன்னும் மிச்சம் இருக்கா?"

ஆர்கிரிஸ் தலையைத் தடவிப் பார்த்தார். இருந்தால்தானே கொட்டுவதற்கு.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை ஆர்கிரிஸ். பெண், அதே ஃப்ரோசோதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்திட்சா நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டவர்கள். சர்ச்சில் கல்யாணக் கிரீடம் சூட்டிக்கொள்ளவில்லையே என்பது அவளுடைய இருபத்திரண்டு வருஷக் குறை. இப்போது தீரப்போகிறது.

அதில் ஆர்கிரிஸுக்கு ஆட்சேபம் இல்லை. அவருக்குப் பயம் ஒரே ஒரு வரியில். பாதிரியார் படித்துக்கொண்டே வருவார். மனைவி கணவனுக்குப் பயப்பட வேண்டும் என்ற இடம் வரும். அந்த நிமிஷம் பெண் மாப்பிள்ளையின் காலை ஓங்கி மிதிப்பாள். சர்ச்சே கைதட்டும். யார் முதலில் மிதிக்கிறார்களோ அவர்கள் கையில்தான் வீடு. பெண் நிற்பது மாப்பிள்ளைக்கு இடது பக்கம். ஆர்கிரிஸுக்கு அந்த இடது காலில்தான், பெருவிரல் அடியில், எலும்பு புடைத்துக்கொண்டிருந்தது. விரல் பட்டாலே வானம் தெரியும்.

கல்யாணத்துக்குப் பத்து நாளைக்கு முன்பே மனைவிக்குத் தெரியாமல் டாக்டர் வாயியாவிடம் போனார்.

"இது புதுசா முளைச்ச எலும்பு இல்ல சார். பெருவிரல் பக்கத்து விரல் மேல சாயுது. சாயச் சாய மூட்டு வெளிய தள்ளுது."

"நிமித்த முடியாதா?"

"ஆபரேஷன் பண்ணா நிமிரும். இப்போதைக்கு வேண்டாம். வலி குறைய மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு, அகலமான ஷூ. ரெண்டு, வலிச்சா ஐஸ். மூணு, வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிடுங்க."

"அவகிட்ட எதுக்கு?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை கல்யாணம்னீங்களே. மிதிப்பாங்க இல்ல?"

தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஐஸ் வைத்தார். அதாவது ஃப்ரீசரில் இருந்த பட்டாணி பாக்கெட்டை வைத்தார். அகலமான ஷூவைக் கடையில் பார்த்தார். இரண்டு ரொட்டி மாதிரி இருந்தது. ரொட்டியைப் போட்டுக்கொண்டு எந்த மாப்பிள்ளையாவது நிற்பானா? மனைவியிடம் சொல்வதா? காயம் எங்கே இருக்கிறது என்று எதிரிக்கு யாராவது வரைபடம் கொடுப்பார்களா?

அதற்குப் பதில் ஒரு தீர்மானம் எடுத்தார். தானே முதலில் மிதித்துவிடுவது. எடுத்த தீர்மானத்தைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. காபிக் கடையில், மாப்பிள்ளைத் தோழன் ஸ்தெர்கியோஸ் முன்னால் மேஜையைத் தட்டிச் சொன்னார்: "எனக்குக் கோட்சி இருக்குடா! நான்தான் முதல்ல மிதிப்பேன்!"

அந்த ஊரில் தைரியத்துக்குக் கோட்சி என்று பெயர். காலில் வரும் புடைப்புக்கும் அதே பெயர்தான். யார் வைத்தார்களோ, ஆர்கிரிஸைப் பார்த்துவிட்டு வைக்கவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பீன்ஸ் சூப்.

"ஏங்க, உங்களுக்குக் கோட்சி இருக்காமே?"

கரண்டி பாதி வழியில் நின்றது. "யார் சொன்னா?"

"காபிக் கடையே சொல்லுதாம்."

"எந்தக் கோட்சி?"

"எத்தனை வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு... இல்ல, நிறைய. தைரியத்தைத்தானே கேக்குற?"

"வேற எதைக் கேப்பேன்?"

"அதான்."

"பெரிசா?"

"சுமாரா."

"வலிக்குதா?"

சூப் புரையேறியது. "தைரியம் எப்படிடி வலிக்கும்?"

"சிலருக்கு வலிக்கும்." ஃப்ரோசோ இன்னொரு கரண்டி ஊற்றினாள். "அப்புறம், அந்தப் பட்டாணி எப்படி சோபாவுக்கு அடியில போச்சு?"

"உருண்டிருக்கும்."

"பாக்கெட்டோடவா?"

ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேர் தலையிலும் கல்யாணக் கிரீடம். இரண்டையும் சேர்த்துக் கட்டிய ஒரு ரிப்பன். மறுபடி எண்ணெய் ஊற்றி மாட்டிய ஷூவுக்குள் புடைப்பு அடுப்பு மாதிரி எரிந்தது. வரி நெருங்கியது. கூட்டம் எட்டிப் பார்த்தது. போன்கள் உயர்ந்தன. பாதிரியார் வாயைத் திறந்தார். ஆர்கிரிஸ் காலைத் தூக்கினார்.

அவள் பக்கத்தில் இருக்கும் கால் எதுவோ அதைத்தான் தூக்க முடியும். இடது கால். ஒத்திகை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஓங்கி மிதித்தார். ஃப்ரோசோ காலை இழுத்துக்கொண்டாள். கீழே இருந்தது கல் தரை.

பாதிரியாரின் குரலைவிட ஆர்கிரிஸின் குரல் மேலே போனது.

"யாரு முதல்ல மிதிச்சது?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாப்பிள்ளைதான்! தரையை!"

ஃப்ரோசோ ஸ்தெர்கியோஸைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தான். உள்ளே கறுப்பில் இரண்டு ரொட்டி. நாற்பத்து நாலாம் நம்பர்.

ஆர்கிரிஸ் மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"இருபத்திரண்டு வருஷமா உங்க சாக்ஸைத் துவைக்கிறேன். எந்த இடத்துல தேயுதுன்னு தெரியாதா?"

"அப்போ நீ மிதிக்கப் போறதில்லையா?"

"வலிக்கிற காலை யாராவது மிதிப்பாங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மிதிக்க மாட்டேன்னு நானும் சொல்லியிருப்பேன். சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பத்து நாளாப் பார்த்தேன்."

பாதிரியார் படித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கும் மனைவி உண்டு.

ரொட்டிகளை மாட்டிக்கொண்டு ஆர்கிரிஸ், சடங்குப்படி, மனைவியோடு சர்ச் மேஜையை மூன்று முறை சுற்றினார். அரிசி மழையாக விழுந்தது. வலிக்கவே இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சல். மூன்றாவது சுற்றில் கூட்டத்தில் டாக்டர் வாயியா தெரிந்தார். மூன்று விரலைக் காட்டினார். இரண்டை மடக்கினார். மிச்சம் இருந்த விரலை ஆட்டினார்.

வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிடுங்க.