சனீத்தாவுக்கு மட்டும் போயிடாதீங்க

நேப்பிள்ஸுக்குப் போய், மூன்று நாள் சுற்றிவிட்டு, ஒரு சட்டைப் பொத்தானைக்கூடப் பறிகொடுக்காமல் வீடு திரும்புவது என்று ஒரெஸ்தே சங்கல்பம் செய்துகொண்டார்.

வட இத்தாலியில் பெல்லூனோ என்கிற மலையூரில், நகராட்சியின் தொலைந்த பொருள் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். குடையும் பல்செட்டும் தொலைத்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் இரண்டே வகைப் பொருள்தான் உண்டு என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஒன்று தொலைந்தது. மற்றது தொலையப்போவது.

பயணத்துக்காக நாலு விதிகள் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார். பணமும் காகிதங்களும் பனியனுக்குள் தைத்த துணிப்பையில். கால்சட்டைப் பையில் திருடனுக்கென்றே ஒரு போலி பர்ஸ், உள்ளே காலாவதியான நூலக அட்டை. தோள்பை முதுகில் இல்லை, வயிற்றின் மேல். நாலாவதுதான் கோட்டை வாசல்: முன்பின் தெரியாதவர் எதைச் செய்யச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்.

அவர் மனைவி நீவெஸ் ஈரக்கையைத் துடைத்தபடி அதைப் படித்தாள். "அஞ்சாவதா ஒண்ணு சேர்த்துக்கோ ஒரெஸ்தே. மூச்சு விடக் கூடாது."

அவர் சிரிக்கவில்லை. இந்தப் பயணத்தில் அவருக்கு வேறொரு பயமும் இருந்தது.

நீவெஸின் தங்கை வாண்டா நேப்பிள்ஸ்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு பதினோரு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை சபாதீனோ குழாய் வேலை செய்கிறவர். கல்யாண விருந்தில் ஒரெஸ்தேயின் கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. வேறெங்கும் தேட வேண்டாம், மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்தால் போதும் என்று அவர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நூற்றிருபது பேருக்கும் கேட்டது.

பதினைந்து நாள் கழித்து அந்தக் கடிகாரம் அவருடைய கோட்டின் கிழிந்த உள்துணிக்குள் கிடைத்தது. அதை யாரிடமும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாய் வந்தபோது மாதம் கடந்திருந்தது. மாதம் கடந்த பிறகு வருஷம் கடப்பது சுலபம். வாண்டா வடக்கே வருவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொள்வது அவருக்குத் தெரியும். அதற்காகவே அன்று ஒரு செய்தித்தாள் வாங்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

ஆகவே கிளம்புமுன் ஒரு நிபந்தனை போட்டார். ஊரைப் பார்க்கலாம், யார் வீட்டையும் பார்க்க வேண்டாம். நீவெஸ் உடனே சரி என்றாள். அங்கேதான் அவர் உஷாராகியிருக்க வேண்டும். தன்னுடையது அல்லாத குடைக்குத்தான் ஆட்கள் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள் என்பதை முப்பத்து நாலு வருஷம் பார்த்தவர்.

முதல் நாள் ரயில் நிலையத்தில் ஒரு டாக்ஸிக்காரர் கதவைத் திறந்து, ஏறச் சொன்னார். நாலாவது விதிப்படி நடந்தார்கள். வெயிலில், கல் பாவிய தெருக்களில், நாற்பது நிமிஷம். பெட்டியின் ஒரு சக்கரம் பாதி வழியில் கழன்று, மிச்ச தூரம் முழுக்கத் தரையைக் கீறிக்கொண்டே வந்தது. விடுதியில் சாவி கொடுத்த அசுந்தா என்ற நடுவயதுப் பெண், பக்கத்துத் தெருமுனையில் பீட்சா நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டாள். பாவம், நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அன்று மத்தியானம் அவர்கள் பெட்டிக்கடையில் பிளாஸ்டிக்கில் சுற்றிய குளிர்ந்த ரொட்டி தின்றார்கள். நீவெஸ் தன் ரொட்டியைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இன்னொரு தலையணை கேட்டு வாங்கி வருகிறேன் என்று கீழே போனாள். இருபது நிமிஷம் ஆயிற்று. ஒரு தலையணைக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் கேட்க நினைத்தார். கால் வலியில் மறந்துவிட்டது.

மறுநாள் காலையில் அசுந்தாவின் போக்கு மாறியிருந்தது. கடற்கரைப் பக்கம் ஒன்றும் இல்லை, அருங்காட்சியகத்துக்குப் போங்கள், என் ஆள் ஒருவன் இருக்கிறான், கவனித்துக்கொள்வான் என்றாள். ஒரெஸ்தே மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தெருவில் இறங்கியதும், கமிஷன் என்று ஒரே வார்த்தையில் விளக்கினார். கடற்கரைக்குப் போனார்கள்.

கடலைப் பார்த்ததும் நீவெஸ் மனதைப் பறிகொடுத்தாள். வேறெதையும் பறிகொடுக்காமல் ஒரெஸ்தே பார்த்துக்கொண்டார். அவள் கல்சுவரில் உட்கார்ந்து எலுமிச்சை ஐஸ் தின்றாள். அவர் நின்றார். மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்கிறவன் வந்தபோது இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டார். கையெழுத்து இயக்கம் என்று பலகையோடு வந்த பெண்களிடம் எழுதத் தெரியாது என்றார். ரோஜா நீட்டியவனிடம் மனைவியே இல்லை என்றார். ஒரு நாள் முழுக்க ஊரையே சந்தேகப்படுவது சாதாரண உழைப்பு இல்லை. சாயங்காலத்துக்குள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல நெரிசல். பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினார்கள்.

"ஐயா, உங்க பர்ஸ் கீழே விழுந்துடுச்சு" என்று ஒருவர் போலி பர்ஸை அவர் கையில் வைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார். ஒரெஸ்தே திறந்து பார்த்தார். நூலக அட்டை அப்படியே இருந்தது.

"நல்ல மனுஷர்" என்றாள் நீவெஸ்.

"நல்ல மனுஷரா? எடுத்துப் பார்த்திருக்கான், ஒண்ணுமில்லேன்னு திருப்பிக் கொடுத்திருக்கான்."

சொல்லிவிட்டாரே தவிர, உள்ளுக்குள் லேசான வருத்தம். இரண்டு நாளாக இத்தனை ஏற்பாடு செய்து காத்திருக்கிறார், அவரை முறையாகத் திருட ஒருவனும் வரவில்லை.

விடுதிக்கு வந்ததும், பாட்டுக் கச்சேரியோடு சாப்பாடு போடும் பெரிய உணவகத்துக்குப் போகும்படி அசுந்தா சொன்னாள். பின் சந்துக் கடைக்கு மட்டும் போகாதீர்கள், அங்கே உள்ளூர்க்காரர்கள்தான் சாப்பிடுவார்கள் என்று முகத்தைச் சுளித்தாள். பின் சந்துக் கடையில் உருளைக்கிழங்கும் புகை மணக்கும் சீஸும் போட்ட பாஸ்தா கிடைத்தது. நீவெஸ் இரண்டு தட்டு சாப்பிட்டாள். தன் விதி எவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது என்பதை ஒரெஸ்தே விளக்கிக்கொண்டே இருந்தார். ஆமாம், ஆமாம் என்று அவள் ரொட்டியால் தட்டைத் துடைத்தாள்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் பெட்டியை அசுந்தாவிடம் ஒப்படைத்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ரயில். அசுந்தா மேல்தளம் திறந்த சுற்றுலா பஸ்ஸுக்கு இரண்டு சீட்டை நீட்டினாள்.

"இதுல ஏறி உட்கார்ந்தா ஊர் முழுக்கப் பார்த்திடலாம். ஆனா ஐயா, சனீத்தாவுக்கு மட்டும் போயிடாதீங்க. அங்கே பார்க்க ஒண்ணுமே கிடையாது."

"எங்கே?" என்றார் ஒரெஸ்தே.

"சனீத்தா. பழைய பேட்டை, இங்கேருந்து நடக்கிற தூரம்தான். போகாதீங்க."

அவர் ஏற்கனவே கதவைத் திறந்துவிட்டார்.

சனீத்தாவின் சந்தைத் தெருவில் மீனும் கத்தரிக்காயும் உள்ளாடையும் ஒரே வரிசையில் விலைக்குக் கிடந்தன. அவர் முன்னால் நடந்தார். செருப்பு கடிக்கிறது என்று நீவெஸ் இரண்டடி பின்னால் வந்தாள். தெரு இரண்டாகப் பிரிந்த இடத்தில் எலுமிச்சை விற்கிறவர், கேட்காமலே, தேவாலயம் வலது பக்கம் என்றார். ஒரெஸ்தே இடது பக்கம் திரும்பினார். நாலாவது மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, அந்தச் சந்தில் திரும்பாதீர்கள், முட்டுச்சந்து என்று கத்தினாள். அவர் அதற்குள்தான் திரும்பினார். முடிதிருத்துகிறவர் ஒருவர் கத்தியோடு வாசலுக்கே வந்து, படி ஏற வேண்டாம், கால் வலிக்கும் என்றார். அவருக்குப் பின்னால், முகமெல்லாம் சோப்பு நுரையோடு எழுந்து வந்த வாடிக்கையாளரும், ஆமாம் ஐயா, வேண்டாம் என்றார்.

ஒரெஸ்தேக்குக் களைப்பை மீறி உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை பேர் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றால் மேலே ஏதோ பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும். படி ஏறினார். வயிற்றுப் பை முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

மேலே ஒரு பச்சைக் கதவு. அதன் முன்னால் இடுப்பில் சமையல் துணி கட்டிய பருத்த மனிதர் ஒருவர், கையில் மரக்கரண்டியோடு நின்றார். அவர் உதடு துடித்தது. பயம் என்று ஒரெஸ்தே நினைத்தார்.

"ஐயா, தயவு பண்ணி உள்ளே வராதீங்க. இங்கே உங்களுக்கு ஒண்ணுமில்லை."

ஒரெஸ்தே அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே நீளமான மேசையில் வெள்ளை விரிப்பும் நாலு தட்டும் இருந்தன. மேசைக்குப் பின்னால் வாண்டா நின்றுகொண்டிருந்தாள். பதினோரு வருஷத்தில் அவள் தலையில் நரை விழுந்திருந்தது. அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். நீவெஸ் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். செருப்பு கடித்த சுவடே இல்லை.

"வாங்க சகலை" என்றார் மரக்கரண்டிக்காரர். இப்போது அவர் வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணத்தன்று ஒல்லியாக இருந்த சபாதீனோ அவர்தான்.

ஒரெஸ்தே பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி நின்றார். ஓடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மூன்று நாளாக ஒரு நொடி அசராமல் விழித்திருந்த உடம்பு ஒத்துழைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவையும் பாட்டு இல்லை. என்ன சொன்னாலும் எல்லாருக்கும் கேட்கும்.

"அந்தக் கடிகாரம்" என்றார். "என் கோட்டுக்குள்ளேயே இருந்துச்சு."

"தெரியும் சகலை."

"எப்போலேருந்து?"

"நீங்க கண்டெடுத்த அன்னிலேருந்து. நீங்க எடுத்ததை நீவெஸ் அக்கா பார்த்துட்டாங்க, அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."

ஒரெஸ்தே மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா ஏன் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை?"

சபாதீனோ கரண்டியை மேசையில் வைத்தார். சிரிப்பு போய்விட்டது. "நான்தான் வேண்டாம்னேன். நீங்களே வந்து சொல்லணும்னு இருந்துச்சு. இவ்வளவு மெதுவா வருவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மன்னிச்சுக்கணும்" என்றார் ஒரெஸ்தே. அந்த ஒரு வார்த்தையைத் தூக்கி வெளியே வைக்கப் பெட்டியை இழுத்ததைவிட அதிகப் பிரயாசைப்பட்டார். வாண்டா சுற்றி வந்து, அவர் கழுத்திலிருந்து தோள்பையைக் கழற்றிச் சன்னலோரம் வைத்தாள். அவர் தடுக்கவில்லை. முதுகெலும்பு மூன்று நாளுக்குப் பிறகு நிமிர்ந்தது.

வெங்காயத்தில் இறைச்சி கரைந்து இழையும் குழம்பைப் பாஸ்தாவின் மேல் ஊற்றினார்கள். இரண்டாவது கவளத்தில்தான் அவருக்குத் தொலைந்த பொருள் பிரிவின் மூளை திரும்பி வந்தது.

"இது அடுப்புல ஏத்தி எத்தனை நேரம் ஆச்சு?"

"காலையில ஆறு மணிக்கு ஏத்தினது மாமா" என்றாள் வாண்டா.

சனீத்தாவுக்குப் போவது என்று அவர் முடிவு செய்தது ஒன்பது மணிக்கு. கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த அசுந்தா யாரு?"

"என் சித்தப்பா பொண்ணு" என்றார் சபாதீனோ.

"அந்த எலுமிச்சைக்காரர்? கூடைக்காரம்மா?"

"எல்லாரும் நம்ம தெருதானே."

"நுரையோட வந்தவர்?"

"அவர் பாவம், முகச்சவரத்துக்கு வந்தவர். நாங்க பேசிக்கிட்டது காதுல விழுந்து, அவரா ஆர்வத்துல வந்து சொல்லிட்டார்."

"பஸ்ல பர்ஸ் கொடுத்தவர்?"

சபாதீனோ வாண்டாவைப் பார்த்தார். வாண்டா நீவெஸைப் பார்த்தாள். "அவர் யாருன்னு எங்களுக்குத் தெரியாது" என்றாள் நீவெஸ். "கீழே விழுந்துச்சு, எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான்."

ஒரெஸ்தே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தட்டு காலியானது, மறுபடி நிறைந்தது. சாப்பிட்டு முடித்து நாற்காலியிலேயே கண்ணை மூடினார். பை எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் தூங்கினார். அறைக்குள் அக்காவும் தங்கையும் போன் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கண் விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி நாலேகால். அவர் துள்ளி எழுந்தார்.

"ரயில் போயிடுச்சு நீவெஸ்."

"எந்த ரயில்?"

"நாலு மணி ரயில். நம்ம ரயில்."

"நாலு மணிதான்" என்றாள் அவள், பட்டாணி உரித்தபடி. "ஆனா இன்னிக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை."

"எப்போ மாத்தினே?"

"மாத்தவே இல்லை. எடுக்கும்போதே அப்படித்தான் எடுத்தேன். உன் கையிலதான் கொடுத்தேன். நீ அப்போ நமக்குப் பின்னால நின்ன ஆளையே முறைச்சிட்டிருந்தே."

ஒரெஸ்தே பனியனுக்குள் கையை விட்டு, மூன்று நாள் இரவும் பகலும் நெஞ்சோடு வைத்துக் காவல் காத்த டிக்கெட்டை வெளியே எடுத்து, முதல் முறையாகப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை என்றுதான் போட்டிருந்தது.