செவ்வாய்க்கிழமை செத்த கர்னல்

மேவிஸ் பென்ஃபோல்ட் தேநீர்க் கோப்பையோடு ஐந்து நிமிடம் தாமதமாக, முந்தைய நாள் எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்க்கும் ரஷ் அறைக்குள் நுழைந்தபோது, திரையில் கர்னல் செத்துக் கிடந்தார்.

நூலகத்துக் கம்பளத்தில் குப்புற. முதுகில் கத்தி. சந்தேகமே இல்லை, நடிகர் ஓர்மின் முகம்தான், அவர் எப்போதும் போடும் சாம்பல் நிறக் கோட்டுதான்.

கர்னல் சாகக் கூடாது. அவர்தான் கொலைகாரர். கடைசிக் காட்சியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு நிமிடம் அழுகிறார். அந்தக் காட்சியை முதல் நாளே எடுத்தாயிற்று. பன்னிரண்டு நாளில் ஒரு கொலைப்படத்தை முடிக்கிறவர்கள் கதையை வரிசையாகவா எடுப்பார்கள்? எந்த செட்டு காலியோ, அந்தக் காட்சி.

முன்னுக்குப் பின் முரண் வராமல் பார்ப்பது மேவிஸின் வேலை. இந்த நூலகக் காட்சி எடுத்த செவ்வாய்க்கிழமை அவள் செட்டிலேயே இல்லை. கசாப்புக்கடைக்காரர் ஈரல் வந்திருப்பதாக ரகசியமாகச் சொல்லியனுப்பியிருந்தார். பதின்மூன்று வருடம் ரேஷன் புத்தகத்தோடு காய்ந்துபோன இங்கிலாந்தில், ஈரல் என்று கேட்டும் உட்கார்ந்திருக்க அவள் என்ன சந்நியாசினியா? ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி, அன்றைய படப்பிடிப்புக் குறிப்புத் தாளில் 'எல்லாம் எழுதியபடியே எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

இயக்குநர் கில்ராய் படப்பிடிப்பின் நடுவே கதையை மாற்றுவதில் சூரர். இப்போது பக்கத்து நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டால், "ஏன், நீ எங்க போயிருந்தே?" என்பார். வேலை போய்விடும்.

கேன்டீனில் ஓர்மைப் பிடித்தாள்.

"சார், செவ்வாய்க்கிழமை நூலகத்துல நீங்க..."

"செத்தேன்!" ஓர்மின் முகம் மலர்ந்தது. "எப்படி? நல்லா செத்தேனா? கண்ணைச் சிமிட்டவே இல்ல, கவனிச்சியா?"

இருந்த ஒரே நம்பிக்கையும் போயிற்று. அன்று ஈரல் அவள் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் காலை ஒரு பக்கத்தைத் தானே தட்டச்சு செய்து கில்ராயின் தாள்களுக்குள் செருகினாள். இன்ஸ்பெக்டர் பேசுவதாக ஒரே வரி: 'செத்தவர் கர்னல் அல்ல, அவருடைய இரட்டைச் சகோதரர்.'

கில்ராய் அதைப் படமாக்கிய பிறகுதான் படித்தார். "எந்தச் சகோதரர்?"

"இரட்டை, சார். முன்னாடியே இருந்ததுதான்."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். அடுத்த ஷாட்!"

பிழைத்தோம் என்று நினைத்தாள். ஆனால் செய்தி ஓர்மின் காதுக்குப் போயிற்று.

"ரெண்டு வேஷமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ரெண்டு பேருக்கும் வித்தியாசம் வேணாமா?" என்றவர், மத்தியானத்திலிருந்து கர்னலாக இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தார். மேவிஸ் ஓடி வருவதற்குள் மூன்று ஷாட் ஆகிவிட்டது. முதல் நாள் எடுத்த கடைசிக் காட்சியிலோ அவர் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறார்.

இன்னொரு பக்கம் தட்டச்சு செய்தாள். ஒரு டாக்டர் வந்து, 'பயம் வந்தால் கர்னலின் கால் சரியாகிவிடும்' என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லி முடிக்க மூன்று நிமிடம் ஆனது. பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுகிற துணைப்படம் அறுபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போனால் தியேட்டர்காரன் தொடமாட்டான். மேவிஸே கதாநாயகியின் தொலைபேசிக் காட்சியை வெட்டச் சொன்னாள்.

கர்னல் தன் மாமா என்று கதாநாயகி சொல்வது அந்த ஒரு காட்சியில்தான். கதாநாயகி மிஸ் ஹாலம் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

"அப்ப புதுசா சேர்ந்த சவப்பெட்டிக் காட்சியில நான் யாருக்காகங்க அழறேன்?"

"கர்னலோட அண்ணனுக்காக, கண்ணு."

"அவரை எனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு அழணும்?"

"உனக்கு இளகின மனசும்மா," என்றாள் மேவிஸ். அவளுக்கே அழுகை வந்தது.

பன்னிரண்டாம் நாள், படம் முடிந்த கையோடு தயாரிப்பாளர் ஸ்டோபார்ட் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜையில் செவ்வாய்க்கிழமைக் குறிப்புத் தாள் இருந்தது. பக்கத்தில் மேவிஸ் தட்டச்சு செய்த பக்கங்கள்.

"பிணம் விழுந்திருக்கு. நீங்க 'எல்லாம் எழுதியபடியே'ன்னு எழுதியிருக்கீங்க, மிஸ் பென்ஃபோல்ட்."

எதையும் மறைக்கவில்லை. கசாப்புக்கடை, வரிசை, ஈரல், இரட்டைச் சகோதரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஸ்டோபார்ட் சுருட்டைச் சாம்பல் கிண்ணத்தில் அழுத்தி அணைத்தார்.

"கொலைகாரனையே கொன்னுட்டு அந்த கில்ராய் தூங்கறான். நீங்க ஒத்தை ஆளா நின்னு என் படத்தைக் காப்பாத்தியிருக்கீங்க. அடுத்த படத்துக்கும் நீங்கதான். ஈரல் வாங்கணும்னா சொல்லிட்டுப் போங்க."

மேவிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

கதவு தட்டப்பட்டது. படச்சுருள் கழுவும் கூடத்து வேன் ஓட்டுநர், தொப்பியைக் கையில் பிடித்தபடி தலையை நீட்டினார்.

"மன்னிக்கணும் ஐயா, போன வாரம் எங்க ஆளுங்க ரெண்டு கம்பெனி படச்சுருள் டப்பாவை மாத்திக் குடுத்துட்டாங்க. உங்ககிட்ட இருக்கிற பிணம் ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியோடது, அந்தப் படத்துலயும் ஓர்ம் ஐயாதான், அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அங்க போய் அவங்க நூலகத்துல செத்திருக்காரு. உங்க கர்னல் எழுதினபடியே உசுரோட உக்காந்து பிராந்தி குடிக்கிற டப்பா அவங்ககிட்ட போயிருச்சு. செத்தவன் எப்படிக் குடிக்கிறான்னு பதறிப்போய், பாவம், அவங்களும் ஒரு இரட்டைச் சகோதரனை எழுதிச் சேர்த்து நேத்துதான் படத்தை முடிச்சாங்க!"