எடெல்மிராவின் சிவப்புக் கடல்

நீல டியூப் கைநழுவிப் பாறை இடுக்கில் விழுந்தது. எடெல்மிரா குனிந்து கையை விடுவதற்குள் அது வழுக்கிக் கடலுக்குள் போய்விட்டது. கான்வாஸைத் தாங்கியில் நிறுத்திக் கல் முட்டுக்கொடுத்தாயிற்று, எண்ணெயும் ஊற்றியாயிற்று. எதிரே மொத்தக் கடலும் காத்துக்கொண்டிருக்கிறது, நீலம் மட்டும் இல்லை.

"போனா போ," என்று கடலிடமே சொல்லிவிட்டுச் சிவப்பைப் பிதுக்கினாள்.

முப்பது வருஷம் சான்டியாகோவில் ஒரு பதிவு அலுவலகத்தில், சாம்பல் நிறச் சுவரைப் பார்த்தபடி ஊரார் பிறப்பையும் இறப்பையும் எழுதியவள். ஓய்வு பெற்றதும் லாபாஸ் என்ற இந்தச் சிறு மீன்பிடித் துறைக்கு வந்து வீடு பிடித்தாள், கூடவே இந்தப் பாறையையும் பிடித்துக்கொண்டாள். முழுக் கடலும் தெரிகிற இடம் துறையில் இது ஒன்றுதான். வந்த மூன்று மாதமாக நல்ல பிள்ளையாக நீலமே பூசிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே அலுத்துத்தான் போயிருந்தது.

சற்று நேரத்தில் எவாரிஸ்தோ பெரியவர் வந்தார். துறையின் கொடிக்காரர். கடல் சரியில்லை என்று துறைமுக ஆபீஸ் ரேடியோவில் சொன்னால், கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்றுவது அவர் வேலை. கொடி ஏறினால் ஒரு படகும் இறங்கக் கூடாது. தினமும் விடிகாலையில் கம்பத்துக்குப் போகிற வழியில், மூக்கு ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குனிந்து அவள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார். துறையில் அவளுக்கு இருந்த ஒரே ரசிகர்.

"இன்னிக்குக் கடல் இப்படியாம்மா இருக்கு?"

"இப்படித்தான். பாக்கத் தெரிஞ்சவங்களுக்கு இப்படித்தான் தெரியும்."

பெரியவர் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். எடெல்மிராவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்று கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. ஆனால் கம்பத்தில் சிவப்புக் கொடி. மீனவர்கள் துறைமுக ஆபீஸை வாயாரத் திட்டிக்கொண்டே சீட்டாடினார்கள்.

எடெல்மிராவுக்குச் சிவப்பு பிடித்துப்போயிற்று. செவ்வாயன்று அதில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்து பார்த்தாள், புதனன்று மாதுளை நிறத்துக்கு வந்தாள். மூன்று நாளும் கடல் சாது, மூன்று நாளும் கொடி. புதன் மத்தியானம் மீனவர் சங்கத் தலைவன் நோல்பெர்த்தோ மூச்சு வாங்கப் பாறை ஏறி வந்தான். படத்தைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க சிவப்பைத் தொட்ட நாள்லேருந்து துறை மூடிக் கெடக்கு."

"கொடி ஏத்தச் சொல்றது துறைமுக ஆபீஸ். அவங்க என் படத்தைப் பாத்தா சொல்றாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஊர்ல எல்லாரும் போடற மாதிரி நீலத்தைப் போட்டுட்டுப் போங்களேன்."

"போட மாட்டேன்."

அன்று மாலை ரொட்டிக்கடைக்காரி, முதுகுக்குப் பின்னால் ரொட்டியை அடுக்கி வைத்துக்கொண்டே, ரொட்டி தீர்ந்துவிட்டது என்றாள். எடெல்மிரா அதற்குப் பயந்து மாறவில்லை. சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை, அதையும் ஒரு கை பார்க்கலாமே என்றுதான் மாறினாள். பிற்பாடு கேட்டவர்களிடமெல்லாம் இதை அழுத்திச் சொன்னாள்.

வியாழனன்று கடல் முழுக்கப் பாசிப்பச்சை. அன்று பார்த்துத் தெற்குக் காற்று சீறியது. கான்வாஸைக் கயிறு போட்டுப் பாறையோடு கட்ட வேண்டியிருந்தது. பெரியவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார், குனிந்தார், "அப்பாடா" என்றார், போனார். கம்பம் காலி.

மூன்று நாள் கைகட்டி உட்கார்ந்திருந்தவர்கள் அலையைக் கண்டும் துணிந்து இறங்கினார்கள். மதியத்துக்குள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஆள் தப்பித்தது, வலை தப்பவில்லை. நோல்பெர்த்தோ சொட்டச் சொட்ட நேரே பாறைக்கு வந்தான்.

"உங்களைப் பச்சை போடச் சொன்னது யாரு, அக்கா?"

"நீதானே சிவப்பு வேண்டாம்னே?"

"நான் நீலம்னு சொன்னேன்."

வெள்ளியன்று அவள் வீம்புக்கே இரண்டு மடங்கு பெரிய கான்வாஸைத் தூக்கி வந்து சிவப்பை அப்பினாள். காற்று அடங்கிய கடலில் கரையோரம் மத்தி மீன் துள்ளிக்கொண்டிருந்தது. கம்பத்தில் கொடி பறந்தது.

சனிக்கிழமை வலைக்கொட்டகையில் சங்கக் கூட்டம். பேச இருந்தது ஒரே விஷயம்: எடெல்மிரா பாறையை விட்டு இறங்க வேண்டும், இனி இந்தத் துறையில் வர்ணப் பெட்டியைத் திறக்கவே கூடாது. சூனியம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவள் உள்ளே வந்தபோது எல்லோரும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள்.

எடெல்மிரா எழுந்தாள்.

"முப்பது வருஷம் அடுத்தவங்க குடுத்த மையில எழுதினேன். அந்தப் பாறை போச்சுன்னா எனக்குத் திரும்பவும் அந்தச் சுவருதான். நாளைக்கும் அங்கதான் நிப்பேன். மஞ்சள்ல வரைவேன். தைரியம் இருந்தா என்னைத் தூக்கிக் கடல்ல போடுங்க."

அவள் இறங்க வேண்டும் என்பவர்களை நோல்பெர்த்தோ கைதூக்கச் சொன்னான். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. ஒரு கை மட்டும் எழவில்லை. மூலையில் எவாரிஸ்தோ பெரியவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எடெல்மிராவுக்குக் கண் கலங்கிவிட்டது. நிறம் தெரிந்த மனுஷன் இந்தத் துறையில் ஒருத்தராவது இருக்கிறாரே.

"பெரியவரே, நீங்க ஏன் கைதூக்கல?" என்றான் நோல்பெர்த்தோ.

பெரியவர் அவனுக்கு ஓரடி தள்ளி நின்ற தூணைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"ரேடியோ கெட்டு ரெண்டு மாசமாச்சு, என் கண்ணுக்கு ஒரு சாணுக்கு மேல எதுவும் தெரியறதில்ல, இந்தம்மாவையும் அனுப்பிட்டா நாளைக்கு நான் எதைப் பாத்துக் கொடி ஏத்துறது?"