கம்ப்ரஸர் விசாரித்த கோதண்டம்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் நாலு பேரைக் கேட்பது நல்ல பழக்கம். நாலு பேரும் ஒரே பதிலைச் சொன்ன பிறகும் ஐந்தாவதாக ஒருவரைத் தேடிக்கொண்டு போகிறாரே, அவர்தான் நம்முடைய ஆள். அவரை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போதே கூட ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டு உள்ளே நுழைவார். இருக்கிற பெட்டியை எல்லாம் திறக்கச் சொல்வார். திறந்ததைத் தட்டுவார், தடவுவார், முகர்ந்துகூடப் பார்ப்பார். கியாரண்டி எத்தனை வருஷம், ரிப்பேர் என்றால் யார் வந்து பார்ப்பார், போன வருஷம் இதே மாடலை வாங்கிக்கொண்டு போனவர் சௌக்கியமாக இருக்கிறாரா என்று வரிசையாகக் கேட்பார். கடைக்காரர் வரவழைத்த டீயையும் குடித்துவிட்டு, "சரி, வந்து சொல்றேன்" என்பார். வரவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். அடுத்த கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

இந்த இனம் பட்டணத்தில்தான் பிழைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டிக் கடலோரமாகக் கொஞ்சம் நடந்தால் இன்னொரு குப்பம் வரும். பேர் வேண்டாம், ஊர்க்காரர்கள் நல்லவர்கள். அங்கே கோதண்டம் என்று ஒருவர். சொந்தமாக ஃபைபர் படகு. கடலுக்கும் போவார், ஏரிக்கும் போவார். முகத்துவாரத்தில் அலை புரளும்போது படகை எந்தப் பக்கம் திருப்புவது என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்கிற மனிதர். அதே மனிதர் கரையேறி ஒரு குடை வாங்க வேண்டும் என்றால், ஐப்பசியில் தொடங்கி மாசியில்தான் முடிப்பார். மழை என்ன, அவருக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்?

இதற்கு அவருடைய மனைவி பச்சையம்மா ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். ஏரியில் யார் என்றைக்கு எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைக் குப்பத்தில் எவரும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. அதற்குப் பாடு என்று ஒரு முறை. கிளிஞ்சல், குச்சி, ஓலைத் துண்டு என்று ஆளுக்கொரு அடையாளத்தைப் பானையில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வந்தது வந்ததுதான். வந்ததை வேண்டாம் என்கிறவனுடைய முறை அடுத்தவனுக்குப் போய்விடும். பாடு எடுக்கும் நாளில் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முணுமுணுக்கிறவர்களை அதட்டி அடக்குகிறவரே நம் கோதண்டம்தான். ஏரியில் பொறுக்கி எடுக்க வழியில்லாமல் போன ஆசையை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து கடையில் தீர்த்துக்கொள்கிறார் என்பது பச்சையம்மாவின் கட்சி.

விஷயத்துக்கு வருவோம். குப்பத்துப் பெண்கள் நெத்திலி காயப் போடுவது மணலில். மணலில் காய்ந்த கருவாட்டைக் கடித்தால் பல்லில் மணல் அரைபடும். ஆகவே அதில் முக்கால்வாசி கோழித் தீவனத்துக்குப் போகும். பொன்னேரியில் கருவாட்டைப் பாக்கெட் போட்டு விற்கிற எப்சிபா என்ற பெண், மழைக்காலத்தில் ஒருநாள் வந்து, மணல் படாமல் உயரத்தில் வலைத்தட்டு போட்டுக் காய வைத்தால் தை மாத நெத்திலி முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மணல் ஒன்று தட்டுப்பட்டாலும் அடுத்த குப்பத்துக்குப் போய்விடுவேன் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பச்சையம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. கோழி தின்றது போதும், மனுஷன் தின்னட்டும் நம்ம நெத்திலியை என்று பெண்களைக் கூட்டி, குழுப் பணத்தில் கட்டைச் சட்டமும் நைலான் வலையும் வாங்கிப் போட்டுவிட்டாள்.

அடிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. வலையைச் சட்டத்தின் மேல் இழுத்துப் பிடித்து, ஓரத்தில் ரீப்பர் என்கிற மெல்லிய மரப்பட்டையை வைத்து ஆணி அடிக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் ரீப்பர் நீளவாக்கில் பிளந்தது. ரீப்பர் இல்லாமல் அடித்தால் வலை தொங்கியது. ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம், வழி சொன்னவர் கோதண்டம்தான். பழவேற்காட்டில் கட்டில், பீரோ செய்கிற மீரான் பாய் பட்டறையில் காற்றால் ஆணி அடிக்கிற கன் ஒன்றை அவர் பார்த்திருந்தார். 'டப்' என்று ஒரு சத்தம், ஆணி உள்ளே. கட்டையில் கீறல்கூட விழாது. அந்தக் கன்னும், அதற்குக் காற்று கொடுக்க ஒரு சின்ன கம்ப்ரஸரும் வாங்கிவிட்டால் தட்டு மொத்தமும் இரண்டே நாளில் முடிந்துவிடும் என்றார். எல்லோரும் மகிழ்ந்தார்கள். வாங்குகிற பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். அங்கேதான் தப்பு நடந்தது.

முதலில் மீரான் பாயிடம் போனார். மீரான் பாய் மரத்தை இழைத்துக்கொண்டே, ஒரு கன்னுக்கு ஒரு எச்.பி. மோட்டாரும் இருபத்தைந்து லிட்டர் டேங்கும் தாராளம், வேலை முடிந்ததும் டேங்க் அடியில் இருக்கிற திருகைத் திறந்து, காற்றின் ஈரத்தால் உள்ளே சேர்கிற தண்ணீரை வடித்துவிடு, உப்புக் காற்றில் துரு பிடிக்காமல் இருக்கும் என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். பதில் இவ்வளவு சின்னதாக இருந்ததே கோதண்டத்துக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம் உண்மையாக இருக்குமா?

அதோடு ஒரு எச்.பி. என்பது அவர் மனசை உறுத்தியது. படகில் பத்து எச்.பி. எஞ்சின் ஓட்டுகிறவன் ஒரு எச்.பி.யைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்குள் எந்த முகத்தோடு வருவான்? ஆணிக்கு எதிர்க்காற்றும் கிடையாது, நீரோட்டமும் கிடையாது என்று யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னார்கள், அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பொன்னேரியில் சுப்பராயலு கடையில் மூன்று கம்ப்ரஸர்கள் இருந்தன. சிவப்பு, இருபத்தைந்து லிட்டர். நீலம், ஐம்பது லிட்டர். வெள்ளை, சத்தமே வராதது. மார்கழி முழுக்கக் கோதண்டம் இந்த மூன்றோடும் குடும்பம் நடத்தினார். எஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கேட்டார். எண்ணெய் ஊற்றுகிறது நல்லதா, ஊற்றாதது நல்லதா என்று பஞ்சர் கடையில் கேட்டார், ஐஸ் ஃபேக்டரி மெக்கானிக்கைக் கேட்டார், கைபேசியில் இந்தி பேசுகிற ஒருவரின் வீடியோவைப் பாஷை புரியாமலே முழுசாகப் பார்த்தார். பல் டாக்டர் ஒருவரிடம் சத்தம் போடாத கம்ப்ரஸர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வலிக்காத பல்லைக் காட்டப் போனார். பல்லில் ஓட்டை இருக்கிறது என்றார் டாக்டர். மெஷின் எந்தக் கம்பெனி என்று கேட்டார் இவர்.

ஏன் வாங்கவில்லை என்கிறீர்களா? அவர் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். வாங்காத வரைக்கும் மூன்றும் அவருடையவை. ஒன்றை வாங்கிவிட்டால் மற்ற இரண்டும் ஊரான் சொத்து. நாளைக்கே அந்த இரண்டில் ஒன்றை எவனாவது வாங்கி, அது இதைவிட நன்றாக ஓடித் தொலைத்தால்? அந்த நினைப்பு வந்தாலே, "வந்து சொல்றேன்" என்று எழுந்துவிடுவார். சிரிக்காதீர்கள், அந்தப் பயம் நிஜமானது.

நெத்திலிக்கு இதெல்லாம் தெரியுமா? தை பிறந்தது, நெத்திலி வந்தது. முதல் நாளே படகு படகாக இறங்கியது. தட்டுகள் சட்டமாகவே சுவரில் சாய்ந்திருந்தன. வேறு வழியில்லாமல் வழக்கம்போல மணலில் கொட்டினார்கள். வெள்ளி மாதிரி மின்னிய மீன் மணல் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்துப் பச்சையம்மா வாய்விட்டே அழுதுவிட்டாள். அது காய்ந்து கோழித் தீவன லாரியில் ஏறிய அன்று எப்சிபாவிடமிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் வந்து பார்ப்பேன், அப்போதும் தட்டு இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா என்றாள். போனை வைத்த பச்சையம்மா நேராகப் போய்ப் பாடு எடுக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தாள்.

பானைக்குள் ஒரு கிளிஞ்சல், ஒரு குச்சி, ஒரு ஓலைத் துண்டு. கிளிஞ்சல் சிவப்பு, குச்சி நீலம், ஓலை வெள்ளை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். கோதண்டத்தை எடுக்கச் சொன்னாள். பாடு என்றால் அவரால் மறுக்க முடியாது. கண்ணை மூடி, குலசாமியைக் கும்பிட்டு, கையை விட்டார். கிளிஞ்சல் வந்தது. சிவப்பு. ஒரு எச்.பி.

கோதண்டம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஐயோ, அந்தக் குப்பத்தில் பிறந்த எவரும் செய்யாத காரியத்தைச் செய்தார். கிளிஞ்சலைப் பானைக்குள்ளேயே போட்டுவிட்டு, "இது சும்மா கை பாத்தது. இப்ப எடுக்கிறேன் பாரு" என்றார்.

பச்சையம்மா பானை வாயைக் கையால் பொத்தினாள்.

"வந்த பாட்ட வேணாம்னவனுக்கு இன்னாய்யா முறை? நீயே சொல்லு."

கோதண்டமே எத்தனை பேருக்கு அதட்டிச் சொன்ன சட்டம்! மாற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை.

"அடுத்தவங்களுக்குப் போவும்" என்றார்.

"அப்ப கீதாவுக்குப் போச்சி."

கீதா என்பவள் கோதண்டத்தின் தம்பி மனைவி. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவினாள், பச்சையம்மா கொடுத்த குழுப் பணத்தை வாங்கி முடிந்துகொண்டாள், பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். உச்சி வெயில் சாய்வதற்குள் ஒரு ஷேர் ஆட்டோவில் சிவப்பு கம்ப்ரஸரும் கன்னும் ஆணிப் பெட்டியும் வந்து இறங்கின. கோதண்டம் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் ஒரு மாதம் நடந்த தூரத்தை இவள் ஒரு பஸ் டிக்கெட்டில் கடந்துவிட்டாளே!

"கேக்க வேண்டியதெல்லாம் கேட்டியாம்மா?" என்றார்.

"கேட்டேன் மாமா. ஓடுமான்னு கேட்டேன். ஓடும்னாரு."

ஓடியது. குப்பத்தின் பலவீனமான கரண்டிலும் ஓடியது. இரண்டே நாளில் தட்டு எல்லாம் முடிந்து, அடுத்து வந்த நெத்திலி காற்றில் காய்ந்து கலகலவென்று உதிர்ந்தது. எப்சிபா வந்தாள், ஒரு பிடி அள்ளி, ஒன்றை வாயில் போட்டு மென்றாள், மணல் அரைபடுகிறதா என்று பெண்கள் எல்லோரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரித்துக்கொண்டே சாக்கைப் பிரிக்கச் சொன்னாள். பச்சையம்மா கீதாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சரி, கோதண்டம் திருந்திவிட்டாரா? நல்ல கேள்வி. அவர் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சத்தம் கொஞ்சம் கூடுதல், ஐம்பது லிட்டராக இருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் அபிப்பிராயம் சொன்னார். சாயந்திரமானால் டேங்க் தண்ணீரை வடித்துவிடுகிற வேலையை மட்டும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சேதி பரவி, அடுத்த குப்பத்திலிருந்து பூவரசன் என்ற இளைஞன் மெஷினைப் பார்க்க வந்தான். எப்படி இவ்வளவு சரியான மெஷினாகப் பார்த்து எடுத்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டான். கோதண்டம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அவசரப்பட்டு எடுக்கல தம்பி. ஒரு மாசம் அலசிப் பாத்து எடுத்தது."

பச்சையம்மா அப்போது கூடுதலாக ஒரு தட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். கன் அவள் கையில்தான் இருந்தது. அவள் மெதுவாகத் திரும்பியதைப் பார்த்த கீதா, முதல் காரியமாகக் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டாள்.

நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்கிறேன். போன தீபாவளிக்கே வாங்குவதாக இருந்த அந்த வாஷிங் மெஷின் என்ன ஆயிற்று? கைபேசியில் பதினோரு மாடலைத் திறந்து வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பற்றி இப்போதெல்லாம் கேட்பதில்லை. மறந்துவிட்டார்கள் என்று நீங்களும் நிம்மதியாக இருக்கிறீர்கள். எதற்கும் இதைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் எட்டிப் பாருங்கள். எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்களா, அல்லது யாராவது பஸ் ஏறிவிட்டார்களா?