தீர்த்தகிரியின் வலது காது

தீர்த்தகிரியின் வலது காதை விலைக்குப் போட்டால் ஒரு லாரிப் புளி பெறும். ஜவ்வாது மலையில் அவர் வாங்கிச் சேர்க்கும் புளிக்குக் கண்ணமங்கலத்து மண்டிக்காரர் ஆதிநாராயணன் காலையில் போனில் விலை சொல்வார். அந்த விலை இறங்குவது அந்தக் காதில்தான்.

சில நாளாக மண்டிக்காரரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கேட்டதையே கேட்டுக் கேட்டுப் பேரம் ஆறிப்போனது. நாளைக்கும் விலை முடியவில்லை என்றால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வதாக லாரி டிரைவரிடம் சொல்லியனுப்பிவிட்டார் மண்டிக்காரர்.

"ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுய்யா" என்றாள் மனைவி சகுந்தலா, புளியங்கொட்டை எடுத்தபடி.

"புளி விக்கிறவன் வாசல்லயே நிக்கிறான். மண்டி வெல அவன் காதுல வுழுந்தா எனக்கு இன்னா மிஞ்சும்?"

காதில் அழுக்கு என்று முடிவுகட்டி, புளிக் கையோடு அவளுடைய கொண்டை ஊசியை உருவிக் குடைந்தார். எரிந்தது. எரிச்சலுக்குப் பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் ஊற்றினார். மந்தமானது. எண்ணெயை ஒற்றப் பஞ்சுக்குச்சி விட்டார். குச்சி திரும்பியது, பஞ்சு திரும்பவில்லை. இப்போது சகுந்தலா திட்டுவதும் பாதிதான் கேட்டது. அதை லாபத்தில் எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாள்.

"என் காது, நான் குடைவேன். எவன் கேக்கிறது?"

விடிந்ததும் வலி தாடைக்கு இறங்கியது. அவள் மனசு நோகக்கூடாது என்றுதான் வருவதாகச் சொல்லிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வண்டியை எடுத்தார்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்து இடுக்கியால் பஞ்சை எடுத்தார். உள்தோல் கீறியிருந்தது, காது ஜவ்வு தப்பியிருந்தது. குரும்பி என்கிற காதழுக்கு காதுக்குக் காவல், அது தானாகவே வெளியே வந்துவிடும், வந்ததை மட்டும் துணியால் துடைத்தால் போதும், அடைத்தால் இங்கே வரவேண்டும், உள்ளே எதையும் விடக்கூடாது என்றார். இடது காதைப் பொத்தச் சொல்லிப் பின்னால் நின்று அவர் முணுமுணுத்ததை எல்லாம் தீர்த்தகிரி பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

போன் அடித்தது. மண்டிக்காரர். வலது காதில் வைத்தார்.

அதே கிணறு.

"பாத்துக்கங்க. உங்க படிப்பும் என் ஊசியும் ஒண்ணுதான்" என்று எழுந்தார் தீர்த்தகிரி.

நர்ஸ் கீதாஞ்சலி போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"காதுக் கணக்கு நேராயிட்ச்சிங்கண்ணா. பாக்கி நிக்கிறது, இந்தப் போன் ஓட்டையில அப்பிக்கினு கீற புளிதான்."