‘வராது’ நாற்காலி

பூமியை ஆதிசேஷன் தாங்குகிறான் என்று எழுதி வைத்தவர்கள் பாவம், தொலைக்காட்சி நிலையத்தைப் பார்த்ததில்லை. பூமி நிற்பது இரண்டு சுழல் நாற்காலிகளின் மேல். மாலை ஏழு மணி ‘உலக அரங்கம்’ நிகழ்ச்சியில் நெறியாளருக்கு இடப்பக்கம் இருப்பது ‘போர் வரும்’ நாற்காலி. வலப்பக்கம் ‘போர் வராது’ நாற்காலி. முதலில் வந்தவர் பிடித்ததில் உட்காரலாம். பிந்தி வந்தவர் மிச்சமிருப்பதில் உட்கார்ந்து, சட்டையில் மைக் குத்தி முடிப்பதற்குள் அதற்கேற்ற கருத்தைக் கொண்டுவிட வேண்டும். விவாதம் என்றால் இரண்டு தரப்பு வேண்டாமா?

நம் நிபுணர் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் துறைத் தலைவர். எந்த நாடு எந்த நாட்டை முறைத்தாலும் அதற்கு மூன்று காரணங்களும் ஓர் ‘ஆனாலு’ம் அவர் கைவசம் இருக்கும். ‘அதிகாரச் சமநிலையும் அதன் தடுமாற்றங்களும்’ என்ற அவருடைய அறுநூறு பக்க நூலைக் கடைசிவரை படித்தவர் அதற்கு அச்சுப்பிழை திருத்தியவர் மட்டும்தான் என்று சொல்பவர்கள் வயிற்றெரிச்சல்காரர்கள். அச்சுப்பிழை திருத்தியவரும் பாதியில் விட்டுவிட்டார்.

விவரம் தெரிந்தவர்கள் ‘வரும்’ நாற்காலிக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். போர் வந்தால் தீர்க்கதரிசி. வராவிட்டால் எச்சரித்துத் தடுத்த மகான். ‘வராது’ என்றவர் பாடு திண்டாட்டம். வராவிட்டால் யாருக்கும் அவர் சொன்னது நினைவிருக்காது, வந்துவிட்டால் யாருக்கும் மறக்காது. அதனால்தான் நிபுணரின் பரம வைரியான ஓய்வுபெற்ற தூதர் ஒரு மணி நேரம் முன்னதாகவே பிளாஸ்க்கும் கையுமாக வந்து இடப்பக்கத்தில் துண்டு போட்டுவிடுவார்.

அந்த மாதம் கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகள் ஒரு நீரிணைக்காக முட்டிக்கொண்டு நின்றன. அதில் ஒரு நாட்டின் துறைமுக நகரத்தில் நிபுணரின் மகள் வங்கியில் வேலை பார்த்தாள். அவருடைய அக்காவின் ஒரே மகன் அதே ஊரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தான். கப்பல்களுக்குக் காப்பீடு கொடுப்பவர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று ஒரு காலையில் செய்தி வந்தது. போர் வருகிறது என்று தெரிய அறுநூறு பக்கம் எழுதியவருக்கு அந்த ஒற்றை வரி போதுமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

“பல்வலின்னு லீவு சொல்லிட்டு உடனே கிளம்பி வா.”

“அத்தான்கிட்டயும் சொல்லட்டாப்பா?”

“நீ வாயைத் திறக்காத. அக்காகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்.”

அக்கா காதில் ஒரு செய்தி விழுந்தால் அது ஊருக்கே விழுந்த மாதிரி. கல்விமான் பீதியைக் கிளப்பக் கூடாது என்பது துறையின் அறநெறி. மகள் கிளம்பினாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் வரை வந்து வழியனுப்பியதும், பல்லுக்குக் கிராம்பு வாங்கிக் கொடுத்ததும் அந்த அத்தான்தான்.

பக்குவமாகச் சொல்வதற்கு நிபுணர் அருமையான வழி ஒன்று கண்டுபிடித்தார். மறுநாள் ‘உலக அரங்க’த்துக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். தம்பி வரும் நிகழ்ச்சியை அக்கா ஒருநாளும் தவறவிட்டதில்லை. ‘வரும்’ நாற்காலியில் உட்கார்ந்து நாட்டுக்கே சொல்லிவிட்டால் அக்காவுக்கும் சொன்னதாயிற்று. ஆய்வு நேர்மையும் ரத்த பாசமும் ஒரே மைக்கில் முடிந்துவிடும்.

ஆனால் அன்று மாலை துறைக் கூட்டம். வரப்போகும் கருத்தரங்குக்கு ‘மாறிவரும் உலக ஒழுங்கு’ என்று தலைப்பு வைப்பதா, ‘மாறிக்கொண்டிருக்கும் உலக ஒழுங்கு’ என்று வைப்பதா என்பதில் துறை இரண்டு அணியாகப் பிரிந்து, உதவிப் பேராசிரியர் ஒருவர் வெளிநடப்பு செய்து, வெளியே மழை பெய்ததால் திரும்பி வந்து, ஒருவழியாக ‘உலக ஒழுங்கு’ என்று மட்டும் வைக்கலாமென்று சமாதானம் ஆனது. நிபுணர் அடித்துப்பிடித்து நிலையத்துக்கு ஓடியபோது தூதர் இடப்பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நிபுணர் வலப்பக்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் கலைஞன் சும்மா இருப்பானா? போர் யாருக்கும் கட்டுப்படியாகாது என்றார். இது ‘பரஸ்பர உறுமல்’ மட்டுமே என்றார். வந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னார். தூதர் திணறிப்போனார். நிகழ்ச்சி முடிவதற்குள் மீசைப் பேச்சு ஊரெல்லாம் கைப்பேசியில் சுற்றியது. துணைவேந்தரே வாழ்த்து அனுப்பினார்.

அடுத்து அக்கா கூப்பிட்டாள்.

“வயித்துல பாலை வார்த்தே, தம்பி. என் பையன் நாளைக்கு ஊருக்கு வர டிக்கெட் போட்டிருந்தான். மாமாவே வராதுங்கிறான், நீ எதுக்குடா வேலையை விட்டுட்டு ஓடி வரேன்னு திட்டி, ரத்து பண்ண வச்சுட்டேன்.”

இப்போது உண்மையைச் சொன்னால் மீசை போய்விடும், துணைவேந்தரின் வாழ்த்தும் போய்விடும்.

“அக்கா...”

“சொல்லுப்பா.”

“சாப்பிட்டியா?”

அவன் கிளம்பியிருக்க வேண்டிய நாளுக்கு அடுத்த நாள் விடிவதற்குள் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். நிபுணர் தாமதமில்லாமல் விளக்கக் கட்டுரை எழுதினார்: இது ‘போர்’ அல்ல, ‘வரையறுக்கப்பட்ட ராணுவ நடவடிக்கை’. மீசை கோட்பாட்டளவில் காப்பாற்றப்பட்டது. அக்கா மகன் பட்டறைக்கு அடியிலிருந்த நிலவறையில் நாற்பது பேரோடு ஒண்டியிருந்தான். போன் கிடைப்பதும் கிடைக்காததுமாக இருந்தது.

இரண்டு நாள் தனியாகத் தவித்த அக்கா, தம்பியின் வாயால் ஆறுதல் கேட்க வந்தாள். கூடத்தில் அவர் மகள் பாதாம் பருப்பைக் கடக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள்.

“பல்லு தேவலையாம்மா?” என்றாள் அக்கா.

கடக் சத்தம் நின்றது. நிபுணர் மகளுக்குக் கண்ஜாடை காட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

“பல்லுக்கு ஒண்ணுமில்ல அத்தை. போர் வரப்போகுதுன்னு அப்பாதான் கூப்பிட்டுக்கிட்டார்.”

“அப்போ டிவில சொன்னது?”

“அன்னைக்கு லேட்டாப் போனாராம். வரும்னு சொல்ற நாற்காலில வேற ஆள் உட்கார்ந்துட்டாங்களாம்.”

நிபுணர் தொண்டையைச் செருமினார். தனிமனிதக் கருத்து வேறு, பொதுவெளி நிலைப்பாடு வேறு என்பதை அறிவுலகம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது என்று விளக்கினார். அக்கா வகுப்பில் உட்கார்ந்த பிள்ளையைப் போலப் பொறுமையாகக் கேட்டாள். ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று நிபுணருக்கு இருந்தது.

வாசலில் நிலையத்தின் கார் ஹாரன் அடித்தது. அன்றைய தலைப்பு: ‘சண்டை நின்றுவிட்டதா, நீளுமா?’

அந்த நேரத்தில் அக்காவின் போன் ஒலித்தது. கேட்டாள், “இருடா” என்றாள், போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“ராத்திரியிலேர்ந்து சத்தமில்லையாம். மேல ஏறி வரலாமான்னு மாமாவைக் கேட்டுச் சொல்லச் சொல்றான்.”

நிபுணரிடம் மூன்று காரணங்களும் இல்லை, ஓர் ‘ஆனாலு’ம் இல்லை. அக்கா அவருடைய பையை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

“கிளம்பு தம்பி. இன்னைக்காவது நேரத்தோட போ.”